கடலோரப் பள்ளிக்குப் புதிதாக வரும் ஆசிரியரின் முதல் மூன்று ஆண்டுகள்

மதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

அரசு ஊழியரை மிரட்ட நம் நாட்டில் ஒரு வாசகம் உண்டு: "தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திப்புடுவேன்." அந்தக் காடு எது என்று கேட்டால் பெரும்பாலும் எங்கள் இராமநாதபுரம் மாவட்டத்தைத்தான் கை காட்டுவார்கள். தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், ஏர்வாடி, சாயல்குடி என்று கடலோரப் பள்ளிகளில் முதல் நியமனம் பெற்று வரும் இளம் ஆசிரியர்களில் பலர், கொண்டுவந்த பெட்டியைப் பிரிக்கும் முன்பே அடுத்த இடமாறுதல் கலந்தாய்வை எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். அவர்கள் மேல் எங்களுக்குக் கோபமில்லை. வீடு தொலைவு, குடிநீர் உப்பு, கடைசிப் பேருந்து சீக்கிரம் போய்விடும். ஆனால் ஒருவர் எந்த மாதிரி ஆசிரியராக ஆகப் போகிறார் என்பது பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுகளில் முடிவாகிவிடுகிறது. அந்த மூன்று ஆண்டுகள் இந்தக் கடற்கரையில் கழிகின்றன என்றால், அவை கழிந்தால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. இங்கே நெடுநாள் பாடம் நடத்தியவர்கள், இன்னும் நடத்திக்கொண்டிருப்பவர்கள் சிலர் கூடிப் பேசி இதை எழுதுகிறோம்.

சொல்ல வந்தது ஒன்றுதான். பிள்ளை எழுதியதை உற்றுப் பார்த்து, அதற்கேற்ப நாளைய பாடத்தை மாற்றும் பழக்கமே ஓர் ஆசிரியரை வளர்க்கிறது. அந்தப் பழக்கம் தானாக வராது. அதற்கு நேரம் வேண்டும், பக்கத்தில் ஒரு மூத்த துணை வேண்டும். இப்போது புதியவர்களுக்கு இந்த இரண்டும்தான் கிடைப்பதில்லை.

முதல் மாதத்தில் பாடத்திட்டத்தைப் படிக்கிற அக்கறையோடு ஊரின் காலண்டரையும் படிக்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. ஜூனில் பள்ளி திறக்கும்போது படகுத் தொழிலாளி வீட்டில் இரண்டு மாத வருமானம் நின்றுபோயிருக்கும். கூடுதல் நோட்டு, சார்ட் அட்டை, ஸ்கெட்ச் பேனா என்று முதல் வாரமே கேட்டால், அதற்காகவே நான்கு பிள்ளைகள் வராமல் நின்றுவிடுவார்கள். ஜூலை வரை பொறுத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குக் காற்றில் பாக் நீரிணைப் பக்கம், அதாவது இங்குள்ளவர்கள் வடகடல் என்று சொல்லும் பக்கம், கொந்தளிப்பாக இருக்கும். அப்போது நாட்டுப்படகுக்காரர்களில் சிலர் மன்னார் வளைகுடாவான தென்கடல் கரைக்குக் குடும்பத்தோடு பெயர்வதுண்டு. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் இது தலைகீழ். சாயல்குடி, கடலாடிப் பக்கம் பதநீர்க் காலம் வந்தால் பனையேறிக் குடும்பங்கள் காட்டிலேயே விடிலி என்னும் ஓலைக் குடிசை போட்டுத் தங்கும். அந்த நேரத்தில்தான் ஆண்டுத் தேர்வும் வரும். வாலிநோக்கம் பக்கம் உப்பள வேலையும் வெயில் ஏற ஏறக் கூடும்.

இதைத் தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி இருக்கிறது. வருகைப் பதிவேட்டில் எதுவும் கிறுக்கக் கூடாது. தனியாக ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டு, வராத பிள்ளையின் பெயருக்கு நேரே காரணத்தை ஓர் எழுத்தில் குறியுங்கள். கடல் வேலை என்றால் க, பனை என்றால் ப, உடம்பு சரியில்லை என்றால் உ, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள நின்றால் த, திருவிழா, கந்தூரி, விசேஷம் என்றால் வி. மூன்று மாதம் விடாமல் எழுதினால் எந்த வாரத்தில், எந்தக் கிழமையில், எந்தப் பிள்ளைகள் நிற்பார்கள் என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். அந்த நாள்களில் புதிய கருத்தைத் தொடங்காமல் பழைய பாடத்தைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வரும் பிள்ளைக்கு விட்டுப்போன பாடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் வீதம் முன்கூட்டியே ஒரு கட்டு தயாராக வைத்திருங்கள். பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதச் சொல்வது மணிக்கட்டுக்கு வேலை, அவ்வளவுதான். நோட்டு நிறையும், பாடம் புரியாது.

இனி வகுப்புக்குள் வருவோம். முதல் ஆண்டில் எல்லோரும் தடுமாறும் இடம் நேரம். பி.எட். பயிற்சியில் எழுதிய பாடக்குறிப்பில் ஆர்வமூட்டல், விளக்கம், வலுவூட்டல் எல்லாம் அழகாக இருக்கும். உண்மையான 40 நிமிடப் பாடவேளையில் 30 நிமிடம் ஆசிரியரே பேசிவிட்டு, பிள்ளைகள் பேனாவை எடுக்கும்போது மணி அடிக்கும். அன்று யாருக்கு என்ன புரிந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. இதைத் திருப்பிப் போட வேண்டும். முதல் 5 நிமிடம் கரும்பலகையில் மூன்று கேள்வி: நேற்றைய பாடத்தில் ஒன்று, போன வாரத்தில் ஒன்று, போன மாதத்தில் ஒன்று. அடுத்த 12 நிமிடம் விளக்கம். அதற்குமேல் போனால் பின்வரிசை ஜன்னல் வழியே கடலைப் பார்க்கத் தொடங்கிவிடும். பிறகு 18 நிமிடம் பிள்ளைகள் தாமே செய்ய வேண்டும். ஆசிரியர் நாற்காலியை மறந்துவிட்டுக் கடைசி வரிசையிலிருந்து முன்னோக்கி நடந்து வர வேண்டும். முன்வரிசையிலிருந்து தொடங்கினால் கடைசி வரிசைக்குப் போவதற்குள் நேரம் முடிந்துவிடும். ஆண்டு முழுக்க அவர்களின் நோட்டைப் பார்க்காமலே போய்விடுவோம்.

மிச்சமுள்ள 5 நிமிடம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். நோட்டுத் தாளில் கால் பங்கு கிழித்து ஆளுக்கொன்று கொடுத்து, அன்றைய பாடத்தில் ஒரே ஒரு கேள்விக்கு விடை எழுதி வாங்குங்கள். மதிப்பெண் கிடையாது. 35 சீட்டுகளை மூன்று அடுக்காகப் பிரிக்கப் பத்து நிமிடம் போதும்: சரியாகச் செய்தவை, பாதி வழி வந்தவை, எங்கே தொடங்குவது என்றே தெரியாதவை. நாளைக்கு முதல் 5 நிமிடக் கேள்வி அந்த நடு அடுக்கிலிருந்து வரட்டும். மூன்றாம் அடுக்கில் உள்ளவர்கள் ஆறு பேர் என்றால், 18 நிமிடப் பயிற்சி நேரத்தில் அந்த ஆறு பேரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்துக் கூடவே இருங்கள். அந்த அடுக்கு பாதி வகுப்புக்கு மேல் போனால் பாடம் நடத்திய விதத்தில் கோளாறு. மறுநாள் வேறு விதமாக மறுபடி நடத்தியே ஆக வேண்டும். பாடப்பகுதி முடியவில்லையே என்று அஞ்சி அடுத்ததற்குத் தாவும் புதியவர்களைத்தான் அதிகம் பார்க்கிறோம். அப்படித் தாவியதன் விலையைப் பத்தாம் வகுப்பில் வேறொரு ஆசிரியர் கொடுக்கிறார்.

கேள்வி கேட்டதும் உடனே ஒரு பெயரைச் சொல்லிவிடுவதும் புதியவர்களிடம் பொதுவாக உள்ள பழக்கம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளைப் பதிவுசெய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக நீட்டியதும் பிள்ளைகளின் விடைகள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிவிட்டுப் பெயரைச் சொல்லுங்கள். முதலில் பெயரைச் சொல்லிப் பிறகு கேள்வி கேட்டால் மற்ற 34 பேரும் யோசிப்பதை விட்டுவிடுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

குரலைப் பற்றி ஒரு வார்த்தை. காற்றும் அலையும் இரைகிற கட்டடத்தில் அதற்கு மேலாகக் கத்தினால் முதல் பருவம் முடிவதற்குள் தொண்டை கட்டிப்போகும். வகுப்பின் நடுவில் நின்று பேசுவது, சத்தம் அடங்கும்வரை பேசாமல் நிற்பது, பலகையில் எழுதிக்கொண்டே முதுகு காட்டிப் பேசாமலிருப்பது, இந்த மூன்றும் பழகினால் போதும். பலகையில் எழுத்து இரண்டு அங்குல உயரத்துக்குக் குறையக் கூடாது. வெளியே மணல் வெளிச்சம் கண்ணைப் பறிக்கும்போது, ஜன்னலோரப் பிள்ளைகளுக்குப் பலகை பளபளப்பாகத்தான் தெரியும், எழுத்து தெரியாது. ஒருமுறை அந்த இருக்கையில் நீங்களே உட்கார்ந்து பாருங்கள்.

பிள்ளை எழுதியதைப் படிப்பது என்றால் என்ன என்பதற்கு ஒரே ஒரு கணக்கைச் சொல்கிறோம். 402-லிருந்து 178-ஐக் கழிக்க வேண்டும். விடை 224. ஒரு பிள்ளை 376 என்று எழுதியிருக்கிறது, இன்னொன்று 234 என்று எழுதியிருக்கிறது. இரண்டுக்கும் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போவது எளிது. ஆனால் இரண்டும் வேறு வேறு நோய். 376 எழுதிய பிள்ளை ஒவ்வோர் இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்திருக்கிறது: 8-லிருந்து 2, 7-லிருந்து 0, 4-லிருந்து 1. கடன் வாங்குவது என்பதே அதற்குத் தெரியாது. 234 எழுதிய பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியும். பத்தாம் இடத்துச் சுழியத்தைப் பத்தாக்கிவிட்டு, அதிலிருந்து ஒன்றை ஒன்றாம் இடத்துக்குக் கொடுத்ததால் அது ஒன்பதாகிவிட்டது என்பதைத்தான் விட்டுவிட்டது. முதல் பிள்ளைக்குக் காகிதத்தில் செய்த நான்கு நூறு ரூபாய்த் தாளும் இரண்டு ஒற்றை ரூபாயும் கொடுத்து, "178 ரூபாய் எடுத்துக் கொடு" என்று சொல்ல வேண்டும். சில்லறை மாற்றாமல் முடியாது என்று அதுவே கண்டுபிடிக்கும். இரண்டாம் பிள்ளைக்கு அந்த விளையாட்டெல்லாம் தேவையில்லை. எண்களின் தலைக்கு மேல் 3, 9, 12 என்று எழுதிக்கொள்ளும் பழக்கத்தை ஒரு வாரம் கொடுத்தால் சரியாகிவிடும். இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து "கழித்தல் கணக்கு 20 போடு" என்றால் முதல் பிள்ளை 20 முறை தவறாகப் போட்டு அந்தத் தவற்றை உறுதியாக்கிக்கொள்ளும்.

தசமத்திலும் இப்படித்தான். 0.45 பெரியதா 0.5 பெரியதா என்றால் 45 பெரியது என்று பாதி வகுப்பு சொல்லும். அதே பிள்ளைகள் மீன் ஏலக் கூடத்தில் எலக்ட்ரானிக் தராசில் 0.450, 0.500 என்று காட்டுவதைச் சரியாகப் படிப்பார்கள். தராசு மூன்று இடம்வரை காட்டுகிறது, பாடப்புத்தகம் காட்டவில்லை, வித்தியாசம் அதில்தான். தராசின் முகப்பைப் பலகையில் வரைந்து தொடங்கினால் ஒரு பாடவேளையில் தீரும். பங்குக் கணக்கும் நல்ல வழி. பாடு, அதாவது கடலில் கிடைத்த மீன், விற்றது 18,400 ரூபாய், டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு 6,400, மீதி 12,000. அதில் பாதி படகுக்கும் வலைக்கும், மறுபாதி நான்கு ஆளுக்கு என்றால் ஆளுக்கு 1,500. ஊருக்கு ஊர் பங்கு முறை மாறும் என்பதால் உங்கள் ஊரில் எப்படி என்று பிள்ளைகளையே கேளுங்கள். அவர்கள் வாயால் சொல்லும் வரிசையிலேயே பலகையில் எழுதி, பிறகு அடைப்புக்குறி, கழித்தல், வகுத்தல் குறிகளைப் பொருத்திக் காட்டுங்கள்.

இதிலும் ஓர் எச்சரிக்கை. கடலோரப் பள்ளி என்பதால் எல்லாப் பிள்ளையும் மீனவர் பிள்ளை என்று நினைத்துவிடக் கூடாது. கடைக்காரர், விவசாயி, கொத்தனார், வெளிநாட்டில் வேலைபார்ப்பவர், கரிமூட்டத் தொழிலாளி எல்லார் வீட்டுப் பிள்ளையும் அதே வரிசையில் இருக்கும். "உங்க அப்பாவுக்கு இந்த வாரம் எவ்வளவு கிடைச்சது?" என்று உண்மையான கணக்கை வகுப்பில் கேட்கவே கூடாது. முன்பணம் வாங்கிக் கடனில் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கேள்வி தலைகுனிவு. எண்கள் எப்போதும் கற்பனையாகவே இருக்கட்டும்.

ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் சிலருக்குத் தமிழே எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. எந்தப் பாடம் நடத்துபவரானாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆளுக்கு மூன்று நிமிடம் போதும். ஓர் அட்டையில் மூன்று வரிசை எழுதுங்கள். முதல் வரிசையில் படம், மரம், கடல், பழம் போலக் காலும் கொம்பும் இல்லாத சொற்கள். இரண்டாவதில் மீன், வாளி, கூடை, ஓலை, தோணி. மூன்றாவதில் நண்டு, சங்கு, கப்பல், தண்ணீர், பாம்பன். கீழே நான்கு வரியில் ஒரு பத்தி. பிள்ளை எந்த வரிசையில் நிற்கிறதோ அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இரண்டாம் வரிசையில் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது தோணி. அதில் இரட்டைக்கொம்பு முன்னால் நிற்கிறது, தகரம் நடுவில், துணைக்கால் பின்னால். வாயில் வருவதோ ஒரே ஒலி. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு இது குழப்பம்தான். ஒற்றைக்கொம்பு வரிசை, இரட்டைக்கொம்பு வரிசை, கொம்பும் காலும் சேர்ந்த வரிசை என்று நாளுக்கொன்றாக, பத்துப் பத்துச் சொல்லாகக் கொடுத்தால் மூன்று நான்கு வாரத்தில் பிடித்துக்கொள்ளும்.

லகர, ளகர, ழகரப் பிழைகளுக்குப் பிள்ளையைத் திட்டாதீர்கள். ழகரமும் ளகரமும் பேச்சில் பிரியாத வீட்டிலிருந்து வரும் பிள்ளை காதில் விழுவதைத்தான் எழுதுகிறது. "சரியாகக் கேள்" என்று நூறு முறை சொன்னாலும் பயனில்லை. கண்ணால் பிரித்தறியப் பழக்க வேண்டும். நண்டு வலை, நண்டு வளை என்று இரண்டையும் எழுதி, ஒன்றின் பக்கத்தில் வலையும் மற்றதன் பக்கத்தில் மணலில் உள்ள பொந்தும் வரையச் சொல்லுங்கள். கரை, கறை, அலை, அழை, மணம், மனம் என்று இப்படியே ஜோடி ஜோடியாகப் போகலாம்.

தொடக்கப் பள்ளிக்கு வருகிறவர்களுக்கு 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் திறன்படி பிரிக்கும் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகள் பழக்கமாயிருக்கும். நல்ல ஏற்பாடுதான். கெடுவது எங்கே என்றால், ஜூனில் அரும்பு என்று எழுதிய பிள்ளை மார்ச்சிலும் அரும்பாகவே உட்கார்ந்திருக்கும். பிள்ளையே தன்னை "நான் அரும்பு" என்று சொல்லத் தொடங்கிவிட்டால் நிலைமை மோசம். ஆறு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி சோதித்து இடம் மாற்றாவிட்டால் அந்தப் பிரிப்பு பிள்ளைக்குத் தீங்கு.

அறிவியல் ஆசிரியருக்கு இந்தக் கடற்கரையே ஆய்வுக்கூடம். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கும். 100 மில்லி நீரை எவர்சில்வர் தட்டில் வெயிலில் வைத்து வற்றவிட்டால் மூன்றரை கிராம் அளவுக்குக் கிடைக்கும். தட்டை மெல்லிய துணியால் மூடாவிட்டால் மணலும் சேர்ந்து எடை கூடிவிடும், கவனம். உப்புக்காற்றில் நுண்ணோக்கியும் இரும்புத் தாங்கிகளும் ஒரே ஆண்டில் துருவேறும். வேலை முடிந்ததும் துடைத்து, இரும்புப் பாகங்களில் வாசலின் தடவி, மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். கண்காட்சிக்காகப் பவளப்பாறைத் துண்டு, கடல்குதிரை, கடல் அட்டை கொண்டுவரச் சொல்லிப் பிள்ளைகளை அனுப்பவே கூடாது. இவை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை, வைத்திருப்பதே குற்றம். இது தெரியாமல் நல்ல எண்ணத்தோடு கேட்கிற புதியவர்கள் இருக்கிறார்கள். படம் வரையச் சொன்னால் போதும்.

ஒழுங்கு விஷயத்தில் புதியவர் காதில் முதலில் விழும் அறிவுரை, "முதல் வாரமே பிரம்பைக் காட்டிடுங்க சார், அப்புறம் அடங்காது" என்பதுதான். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடிப்பதையும் மனதைப் புண்படுத்துவதையும் தடை செய்திருக்கிறது என்பது ஒருபுறம் இருக்கட்டும். அடி வாங்கிய பிள்ளை அடுத்த துண்டுச் சீட்டில் எதையும் எழுதாது, உங்களுக்குப் பிழையைக் காட்டவே காட்டாது. முதல் வாரத்தில் எல்லாப் பெயரையும் மனப்பாடம் செய்யுங்கள். மூன்றே விதி போதும், அதை எல்லோருக்கும் ஒரே மாதிரி நடத்துங்கள். கண்டிப்பதை வகுப்புக்கு வெளியே, தாழ்ந்த குரலில், இரண்டு வாக்கியத்தில் முடியுங்கள். தகப்பனின் தொழிலையோ குடியையோ ஒருபோதும் இழுக்காதீர்கள்.

ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பையன்கள் விடுமுறை நாளில் படகுக்குப் போய்ச் சம்பாதிக்கத் தொடங்கும்போது பள்ளி கைநழுவும். குறிப்பிட்ட கிழமையில் மட்டும் வராமை, முதல் பாடவேளையில் தூக்கம், விரலில் நைலான் நரம்புக் கயிறு கிழித்த காயம், இவையெல்லாம் முன்னறிகுறி. தொடர்ந்து மூன்றாம் நாள் வராவிட்டால் வீட்டுக்குப் போய்விட வேண்டும். பத்து நாள் ஆனபின் போனால் பையன் முடிவெடுத்திருப்பான். காலையில் போகாதீர்கள், படகு கரையேறும் நேரம், வீட்டில் யாருக்கும் நிற்க நேரமிருக்காது. மாலை நான்கரைக்கு மேல் நல்லது. முஸ்லிம் ஊர்களில் தொழுகை நேரத்தையும், கிறிஸ்தவ ஊர்களில் ஞாயிறையும் விட்டுவிடுங்கள். இருவராகப் போவது எல்லோருக்கும் நல்லது. வாசலில் நின்று, "அக்கா, நல்லா இருக்கீகளா? பையன் நோட்டைக் காட்டலாம்னு வந்தோம்" என்று தொடங்கி, அவன் நன்றாகச் செய்த ஒரு பக்கத்தை முதலில் காட்டுங்கள். முதல் சந்திப்பே புகாராக இருந்தால் இரண்டாம் முறை கதவு திறக்காது.

இரண்டாம் ஆண்டில்தான் உண்மையான வளர்ச்சி தொடங்குகிறது. அதே பாடம் மறுபடி வரும். போன ஆண்டு யார் எங்கே தடுமாறினார்கள் என்று குறித்து வைத்திருந்தால் இந்த ஆண்டு அந்த இடத்தில் வேகம் குறைப்பீர்கள். குறித்து வைக்காதவருக்கு இரண்டாம் ஆண்டும் முதல் ஆண்டுதான். வாரத்துக்கு ஒரு பக்கம் போதும்: என்ன எதிர்பார்த்தேன், பிள்ளைகள் என்ன எழுதினார்கள், அடுத்த முறை எதை மாற்றுவேன். துண்டுச் சீட்டுகளில் சுவையான பிழைகளை அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள்.

இன்னொருவர் வகுப்பில் போய் உட்காருவதும் அப்போது தொடங்கட்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 20 நிமிடம். பார்க்கப் போகிறவரிடம் நடத்துபவர் ஒரே ஒரு கேள்வியை முன்கூட்டிக் கொடுக்க வேண்டும். உதாரணமாக, "நான் யாரிடமெல்லாம் கேள்வி கேட்கிறேன்?" பார்ப்பவர் இருக்கை வரைபடம் ஒன்றை வைத்துக்கொண்டு, கேள்வி போன பிள்ளைக்கு ஒரு கோடு போடுவார். முடிவில் பார்த்தால் பெரும்பாலான கோடுகள் முதல் இரண்டு வரிசையிலும் கையுயர்த்தும் நான்கு பிள்ளைகளிடமும்தான் இருக்கும். யாரும் சொல்லித் திருத்த வேண்டியதில்லை, தாளே சொல்லிவிடும். அன்றே 15 நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள். நடத்தியவர் முதலில் பேசட்டும். மதிப்பெண், படிவம், கையெழுத்து எதுவும் வேண்டாம். அவை வந்தவுடன் இது ஆய்வாக மாறும், புதியவர் நன்றாக வரும் பாடத்தை மட்டும் நடத்திக் காட்டுவார். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் இன்னொருவர் வகுப்பில் உட்கார முடியாது. அவர்களுக்குப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டமே வழி. அங்கே மடிக்கணினியில் படக்காட்சி பார்த்துவிட்டுக் கலைவதற்குப் பதிலாக, ஒவ்வொருவரும் தம் வகுப்பிலிருந்து ஐந்து நோட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் விரித்து, இந்தப் பிழை ஏன் வந்தது என்று மூத்தவர்களோடு பேசினால் ஒரே மதியத்தில் எவ்வளவோ கற்கலாம்.

மூன்றாம் ஆண்டில் சொந்தமாக வினாத்தாள் எழுதப் பழகுங்கள். பருவத்தின் நடுவே நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்குக் கைடிலிருந்து எடுத்த கேள்வி உங்கள் பிள்ளையின் பிழையைக் காட்டாது. 402, 178 போல எண்களை வேண்டுமென்றே தேர்ந்து வைத்தால்தான் காட்டும். 468-லிருந்து 123-ஐக் கழிக்கச் சொன்னால் எல்லோரும் சரியாகச் செய்துவிடுவார்கள், உங்களுக்கு எதுவும் தெரியவராது. திருத்தியபின் மொத்த மதிப்பெண்ணைக் கூட்டி முடித்துவிடாமல், ஒவ்வொரு கேள்வியிலும் எத்தனை பேர் தவறினார்கள் என்று ஓரத்தில் எழுதிப் பாருங்கள்.

இவ்வளவும் செய்ய நேரம் எங்கே என்று இளம் ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கணினி தெரிந்த சின்ன வயதுக்காரர் என்பதால் எமிஸ் என்னும் கல்வித் துறைக் கணினித் தளத்தில் பதிவு, உதவித்தொகை விண்ணப்பம், வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு, போட்டோ எடுத்து அனுப்புவது எல்லாம் அவர் தலையில்தான் விழுகின்றன. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேரம் என்று சொல்லும்போது, பாடத் தயாரிப்பு நேரத்தையும் அதற்குள்ளேயே சேர்த்துத்தான் சொல்கிறது. 27-ஆம் பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு கல்விசாராப் பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. எனவே கல்வித் துறையிடமும் தலைமையாசிரியர்களிடமும் சில கோரிக்கைகளை உங்கள் நாளிதழ் வழியாக வைக்கிறோம்.

தகுதிகாண் பருவமான முதல் இரண்டு ஆண்டுகளில் புதியவரை வேறு பள்ளிக்கு மாற்றுப்பணியில் அனுப்பாதீர்கள். பிள்ளைகளின் பெயர் மனதில் பதியும் நேரத்தில் பிடுங்கி நட்டால் எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. கால அட்டவணையில் வாரம் இரண்டு பாடவேளையைச் சீட்டுப் பிரிக்கவும் பாடம் தயாரிக்கவும் என்று எழுதியே ஒதுக்குங்கள். யாராவது விடுப்பு எடுத்தால் முதலில் பறிபோவது அதுவாக இருக்கக் கூடாது. எமிஸ் வேலையைப் பள்ளியில் உள்ள எல்லோருக்கும் வகுப்புவாரியாகப் பிரித்துக் கொடுங்கள். ஒவ்வொரு புதியவருக்கும் அதே பாடத்தில் ஒரு மூத்தவரை, அதே பள்ளியில் இல்லாவிட்டால் குறுவள மையத்துக்குள், பெயர் குறித்து ஒப்படையுங்கள். மிகக் கடினமான வகுப்பைப் புதியவரிடம் தள்ளிவிடும் வழக்கத்தையும் விட வேண்டும்.

தங்குமிடமும் பெரிய சிக்கல், பெண் ஆசிரியர்களுக்கு இன்னும் அதிகம். இராமநாதபுரத்திலிருந்தும் பரமக்குடியிலிருந்தும் தினம் இரண்டு பேருந்து மாறி வருகிறவர் மாலையில் யார் வீட்டுக்கும் போக முடியாது, மூன்றரை மணிக்கே அவர் கண் கடிகாரத்தில் இருக்கும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கழிப்பறை, குடிநீரோடு இதையும் ஒரு பொருளாக எடுத்து, ஊரில் வாடகைக்குப் பாதுகாப்பான வீடு எது என்று பெற்றோரே சொல்லலாம். ஊர் ஜமாஅத்தும் தேவாலயப் பங்குப் பேரவையும் கிராமத் தலைவர்களும் மனது வைத்தால் இது நடக்கும்.

இறுதியாக, மாறுதல் கிடைத்துப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். போகும் உரிமை உங்களுக்கு உண்டு. போகும்முன் ஒரு கோப்பை அடுத்து வருபவருக்காகத் தலைமையாசிரியரிடம் விட்டுச் செல்லுங்கள். அதில் காரணம் குறித்த அந்த வருகை நோட்டு, வாசிப்பு அட்டையும் அதில் ஒவ்வொரு பிள்ளையும் நிற்கும் வரிசையும், இரண்டு ஆண்டு வாரக் குறிப்புகள், வீட்டுக்குப் போய்ப் பேசியாக வேண்டிய பிள்ளைகளின் பெயர்கள், அந்த வீட்டில் யாரிடம் பேச வேண்டும் என்ற விவரம் ஆகியவை இருந்தால் போதும். பெயர்ப் பட்டியலை மட்டும் உறையிலிட்டு ஒட்டிக் கொடுங்கள். அது எல்லோரும் படிக்கும் காகிதம் இல்லை.

இப்படிக்கு,
தொண்டி முதல் சாயல்குடி வரையுள்ள கடலோரப் பள்ளிகளில் பணியாற்றும், பணியாற்றி ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர்,
இராமநாதபுரம் மாவட்டம்.